காலாவதியான சான்றிதழும் 48 டேட்டாபேஸ்களும்: ஈக்விஃபேக்ஸ், 2017

2017 ஜூலை 29, சனிக்கிழமை. அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸில் அன்று நடந்தது ஒரு சாதாரணப் பராமரிப்பு வேலை. குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த இணையத் தொடர்புக்கு வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழ்கள் காலாவதியாகிக் கிடந்தன, அவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றை ஏற்றினார்கள். மொத்தம் 67. எந்த அலுவலகத்திலும் சர்வர்களைப் பராமரிக்கும் சிஸ்டம் அட்மின் தலையில் விழுகிற வேலைதான் இது. செய்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், தள்ளிப்போட்டாலும் உடனே யாரும் கேட்க மாட்டார்கள். சான்றிதழ் ஏறிய கையோடு, சீனாவிலுள்ள ஓர் ஐபி முகவரியோடு தங்கள் சர்வர் சந்தேகப்படும்படியாகப் பேசிக்கொண்டிருப்பது பாதுகாப்புக் குழுவின் கண்ணில் பட்டது. அந்த முகவரியைத் தடுத்தார்கள். மறுநாள் இன்னொரு முகவரி வந்தது. மதியம் 12:41க்கு அந்த இணையதளத்தையே இழுத்து மூடினார்கள்.

திருடர்கள் உள்ளே வந்து அதற்குள் 76 நாள் ஆகியிருந்தது. கடைசிக் கணக்கில் சுமார் 14.79 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் போயிருந்தன: பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண், சிலருக்கு ஓட்டுநர் உரிம எண். கூடவே சுமார் 2,09,000 கிரெடிட் கார்டு எண்கள். பிரிட்டனிலும் கனடாவிலும் இருப்பவர்களின் தரவும் அதில் சேர்ந்தது.

நம்மூரில் வங்கிக் கடனுக்குப் போனால் 'சிபில் ஸ்கோர் எவ்வளவு?' என்று கேட்கிறார்களே, அந்த மாதிரி மதிப்பெண் போடும் தொழில்தான் ஈக்விஃபேக்ஸுக்கும். எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகியவற்றோடு சேர்த்து அமெரிக்காவின் மூன்று பெரிய கடன் தகவல் நிறுவனங்களில் ஒன்று. 1899இல் தொடங்கியது, இந்தியாவிலும் உரிமம் பெற்று இயங்குகிறது. இந்தத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. தரவு யாருடையதோ அவர் இந்த நிறுவனத்தின் வாடிக்கையாளரே அல்ல. வங்கிகள் தருகிற தகவலை வைத்து வங்கிகளுக்கே அறிக்கை விற்கிறார்கள். 'உங்களிடம் என் தரவு வேண்டாம்' என்று விலகிக்கொள்ள சாதாரண மனிதருக்கு வழியில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சம்பவத்தை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களும் அரசுத் தணிக்கை அலுவலகமும் தோண்டித் துருவி அறிக்கைகள் வெளியிட்டதால், எந்த நாளில் எந்த வேலை நின்றது என்பதுவரை இதில் தெரியும். பொதுவாக நிறுவனங்கள் 'அதிநவீனத் தாக்குதல்' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இங்கே அதற்கு வழியில்லாமல் போனது.

400 பேருக்குப் போன மின்னஞ்சல்

ஜாவா மொழியில் இணைய மென்பொருள் எழுதுபவர்களுக்கு அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பு தெரிந்த பெயர். 2017 மார்ச் 7 அன்று அதில் ஒரு ஓட்டை இருப்பது வெளியே வந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2017-5638, அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. இணையப் படிவத்தில் கோப்பைப் பதிவேற்றும்போது உலாவி 'இது இன்ன வகைக் கோப்பு' என்று தலைப்பு வரியில் சொல்லி அனுப்பும். அந்த வரி தப்பாக இருந்தால் ஸ்ட்ரட்ஸ் ஒரு பிழைச் செய்தியைத் தயார்செய்யும். தயார்செய்கிறபோது, தப்பான அந்த வரிக்குள் ஏதாவது கட்டளை இருந்தால் அதையும் இயக்கிவிடும். அதாவது பாஸ்வேர்ட் வேண்டாம், கணக்கு வேண்டாம். ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பினால் சர்வரில் நினைத்த கட்டளையை ஓட்டலாம்.

ஓட்டையை அடைக்கும் திருத்தம், அதாவது பேட்ச், அன்றைக்கே தயாராக இருந்தது. மார்ச் 8 அன்று அமெரிக்க அரசின் கணினி அவசரநிலைக் குழு ஈக்விஃபேக்ஸுக்கு எச்சரிக்கை அனுப்பியது. மார்ச் 9 அன்று நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு அதை 400க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு அனுப்பி, '48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடுங்கள்' என்றது. இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. வேகமாகவும்கூட.

ஆனால் 400 பேருக்கு ஒரு வேலையைச் சொன்னால் அது யாருடைய வேலையும் இல்லை. அந்த மாபெரும் பட்டியலில் ஒருவர் பெயர் மட்டும் இல்லை. கடன் அறிக்கை பற்றிப் பொதுமக்கள் புகார் செய்யும் தளத்தில் ஸ்ட்ரட்ஸ் ஓடுகிறது என்று தெரிந்த மென்பொருளாளர் பெயர்தான் அது. அவருடைய மேலாளர் பட்டியலில் இருந்தார், மின்னஞ்சலும் அவருக்குப் போனது. அவர் அதைத் தன் குழுவில் யாருக்கும் அனுப்பவில்லை.

மறுநாள் மார்ச் 10 அன்றே யாரோ அந்தத் தளத்தில் ஓட்டையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'நான் இங்கே எந்தப் பயனர்?' என்று சர்வரிடம் கேட்கும் 'ஹூஅம்ஐ' கட்டளையை ஓட்டியிருந்த தடயம் பிறகு கிடைத்தது. வெளியே அறிவித்த மூன்றாம் நாள் அது. 48 மணி நேரக் கெடு இன்னும் முடிந்திருக்கவில்லை.

தேடினார்கள், கிடைக்கவில்லை

மார்ச் 15 வாக்கில் பாதுகாப்புக் குழு ஸ்கேன் ஓட்டியது. ஓட்டை எங்கும் இல்லை என்று வந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அட்மின் வேலை பார்க்கும் யாரும் மாட்டக்கூடிய குழி இது.

இயங்குதளத்தோடு வரும் மென்பொருளாக இருந்தால் நிறுவியவற்றின் கணக்கை வைத்திருக்கும் பாக்கேஜ் மேனேஜரைக் கேட்டால் போதும், எந்தப் பதிப்பு இருக்கிறதென்று சொல்லிவிடும். ஸ்ட்ரட்ஸ் அப்படியில்லை. அது ஒரு நூலகம் (லைப்ரரி), அதாவது செயலிகள் தங்களுக்குள் எடுத்துவைத்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு. ஒவ்வொரு செயலிக்குள்ளும் ஜாவா நிரல்களைக் கட்டிவைக்கும் ஒரு ஜார் கோப்பாகப் புதைந்து கிடக்கும். ஒரே சர்வரில் மூன்று செயலிகள் இருந்தால் மூன்று வேறு பதிப்புகள் இருக்கலாம். சர்வரை அப்டேட் செய்தாலும் அது மாறாது. செயலியை மறுபடி கட்டி, சோதித்து, ஏற்ற வேண்டும். ஆகவே 'பேட்ச் போடு' என்கிற ஒரே உத்தரவுக்குப் பின்னால் அட்மின், மென்பொருளாளர், அந்தச் செயலியை வைத்துத் தொழில் நடத்தும் பிரிவு என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. ஈக்விஃபேக்ஸின் ஸ்கேன் கருவி தளத்தின் மேல் அடைவை (ஃபோல்டரை) மட்டும் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் கீழே உள்ள ஓர் உள்ளடைவில் இருந்தது.

'ஸ்கேன் சுத்தம்' என்ற அறிக்கைக்கு மதிப்பு எப்போது வரும்? எங்கே என்ன ஓடுகிறது என்ற பட்டியல் தனியாக நம் கையில் இருந்து, ஸ்கேன் அதோடு ஒத்துப்போகும்போதுதான். ஸ்ட்ரட்ஸ் ஓடும் ஒரு தளம் நம்மிடம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால், ஸ்கேன் 'இல்லை' என்றதும் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஈக்விஃபேக்ஸிடம் முழுமையான பட்டியல் இல்லை. 2015இல் நடந்த உள் தணிக்கையே அதைச் சுட்டிக்காட்டியிருந்தது. சரிசெய்யாமல் நிலுவையில் கிடந்த ஓட்டைகள் 8,500க்கும் மேல் என்று அதே தணிக்கை சொன்னது. பேட்ச் போடும் முறையே, 'எல்லாரும் ஒழுங்காகச் செய்வார்கள்' என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அதன்பின் இதற்கென்று தொடர் தணிக்கை நடக்கவில்லை.

நிறுவனத்தின் பேட்ச் கொள்கை ஆவணத்தில் ஒவ்வொரு அமைப்புக்கும் தொழில் உரிமையாளர், சிஸ்டம் உரிமையாளர், செயலி உரிமையாளர் என்று மூன்று பொறுப்புகள் இருந்தன. படிக்க அழகாகத்தான் இருந்தது. அந்தப் புகார் தளத்துக்கு அந்த மூன்று இடத்திலும் யார் என்று முறையாகக் குறித்து வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் கட்டடம்

தாக்கப்பட்ட தளத்தின் பெயர் ஏசிஐஎஸ். கடன் அறிக்கையில் தவறு இருந்தால் மக்கள் ஆவணங்களோடு முறையிடும் இடம். 1970களில் பிறந்த அமைப்பு, பின்னால் இணையத்துக்கு ஏற்ப ஒட்டுப்போட்டு வளர்த்தது. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் என்ற பழைய இயங்குதளம் கொண்ட சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய சர்வர் என்றாலே எந்த அட்மினுக்கும் ஒரு தயக்கம் வரும். 'ஓடிக்கொண்டிருக்கிறது, கை வைக்காதே' என்பது தொழிலின் எழுதப்படாத விதி. கை வைத்து நின்றுபோனால் திட்டு நமக்கு. கை வைக்காமல் விட்டு ஊடுருவல் நடந்தால் அது நாலு வருடம் கழித்து, அப்போது நாம் வேறு கம்பெனியில் இருப்போம். இந்தக் கணக்கை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நிர்வாகம் பழைய அமைப்பை மாற்றப் பணம் ஒதுக்காதவரை, அட்மின்கள் இந்தக் கணக்கைத்தான் போடுவார்கள்.

மே 13 அன்று உண்மையான ஊடுருவல் தொடங்கியது. ஓட்டை வழியாக உள்ளே வந்தவர்கள், தொலைவிலிருந்து கட்டளை இடுவதற்கான வெப் ஷெல் கோப்புகளை வைத்தார்கள். ஒன்றிரண்டல்ல, சுமார் 30. ஒரு சர்வரில் திடீரென்று புதுக் கோப்புகள் முளைத்தால் மணி அடிக்கிற கோப்புக் கண்காணிப்பு மென்பொருள்கள் பல வருடங்களாகவே இருக்கின்றன, இலவசமாகவும் கிடைக்கின்றன. அங்கே அப்படி எதுவும் வேலை செய்யவில்லை.

இதுவரை நடந்தது ஒரே ஒரு தளத்தின் இழப்பு. அதோடு நின்றிருந்தால் இது பேரழிவாகியிருக்காது. ஏசிஐஎஸ் தன் வேலையைச் செய்யத் தேவைப்பட்ட டேட்டாபேஸ்கள் மூன்றுதான். ஆனால் அந்தச் சர்வர்களுக்கும் நிறுவனத்தின் மற்ற டேட்டாபேஸ்களுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. உள்ளே அலைந்தவர்களுக்குப் பகிர்வுக் கோப்பகம் ஒன்றில் ஒரு கோப்பு கிடைத்தது. பயனர்பெயர்களும் பாஸ்வேர்டுகளும் குறியாக்கம் இல்லாமல், வெறும் எழுத்தாக, அதில் இருந்தன. அதை வைத்துச் சம்பந்தமே இல்லாத 48 டேட்டாபேஸ்களைத் திறந்தார்கள். சுமார் 9,000 முறை வினவினார்கள், அவற்றில் 265 முறை தனிநபர் விவரங்கள் கையில் வந்தன.

என்னைக் கேட்டால், இந்த முழுக் கதையில் அட்மின்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இந்தப் பகுதிதான். ஸ்ட்ரட்ஸ் போன்ற ஓட்டையை யாரும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாது. அடுத்த வருடம் வேறு பெயரில் வேறொன்று வரும். வெளி வாசல் என்றாவது ஒருநாள் திறந்துகொள்ளும் என்று வைத்துக்கொண்டுதான் உள்ளே வேலை பார்க்க வேண்டும். அந்த உள் வேலை எதற்கும் பெரிய செலவு கிடையாது. இணைய சர்வர் எந்த மூன்று இடத்தோடு பேச வேண்டுமோ அந்த மூன்றை மட்டும் ஃபயர்வாலில் அனுமதிப்பது, டேட்டாபேஸ் கணக்குக்குத் தேவையான அட்டவணைகளை மட்டும் காட்டுவது, பாஸ்வேர்ட் கோப்பு எந்தப் பகிர்வில் கிடக்கிறது என்று மாதம் ஒருமுறை தேடிப் பார்ப்பது. இவை அத்தனையும் சாதாரண அட்மினின் கைக்கு எட்டியவை. ஆனால் எந்தக் கூட்டத்திலும் ஸ்லைடு போட்டுக் காட்ட முடியாதவை. ஒரு புதுக் கருவி வாங்கினால் நிர்வாகத்திடம் காட்டலாம். சர்வரில் தேவையில்லாமல் திறந்திருந்த ஒரு போர்ட்டை (இணைப்பு வாசலை) மூடினேன் என்று போய்ச் சொன்னால், 'அது ஏன் திறந்திருந்தது?' என்ற கேள்விதான் வரும்.

கண் இருந்தும் தெரியாத கருவி

இனி அந்தச் சான்றிதழ். ஈக்விஃபேக்ஸிடம் ஊடுருவலைக் கண்டறியும் கருவி இல்லாமலா இருந்தது? இருந்தது. அதுவும் மார்ச் 14 அன்றே, ஸ்ட்ரட்ஸ் தாக்குதலை அடையாளம் காட்டும் விதியை எழுதி அதில் ஏற்றியும்விட்டார்கள். மே மாதம் வந்த தாக்குதலை அந்த விதி பிடித்திருக்க வேண்டும்.

இணையப் போக்குவரத்து, அதாவது தளத்துக்கு வந்துபோகும் தரவு, குறியாக்கம் செய்யப்பட்டு வருவதால், கருவிக்கு முன்னால் இன்னொரு பெட்டி நின்று அதை அவிழ்த்துக் காட்ட வேண்டும். அவிழ்க்க அந்தப் பெட்டியில் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும். ஏசிஐஎஸுக்கான அந்தச் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதம் என்கிறது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கை. சான்றிதழ் இல்லையென்றால் போக்குவரத்தை நிறுத்துவதா, பார்க்காமலே உள்ளே விடுவதா? பார்க்காமலே விடும்படிதான் பெட்டி அமைக்கப்பட்டிருந்தது. தொழில் நின்றுபோகக் கூடாது என்ற கவலையில் இப்படி வைப்பது வழக்கம்தான், தவறு என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அப்படி வைத்தால் 'நான் இப்போது பார்க்காமல் விடுகிறேன்' என்று அது யாரிடமாவது கத்த வேண்டும். இது பேசாமல் இருந்தது. தளம் நன்றாக ஓடியது, திரையில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை, எல்லாம் சரி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இது ஒரு பெட்டியின் கதை அல்ல. அப்போது நிறுவனத்தில் காலாவதியான சான்றிதழ்கள் 324 இருந்தன. அதில் 79, தொழிலுக்கு மிக முக்கியமான தளங்களைக் கண்காணிக்கும் கருவிகளில் இருந்தவை.

வெளியே தெரியும் இணையதளத்தின் சான்றிதழ் காலாவதியானால் பத்து நிமிடத்தில் வாடிக்கையாளர் போன் செய்துவிடுவார். உள்ளே கண்காணிப்புக் கருவியில் காலாவதியானால் யாரும் போன் செய்வதில்லை. ஆகவே உள் சான்றிதழ்களின் தேதியைக் கவனிக்கத் தனியாக ஒரு ஸ்கிரிப்ட் ஓட வேண்டும், அது அனுப்பும் எச்சரிக்கை ஒரு குழு முகவரிக்குப் போகாமல் பெயர் தெரிந்த ஒருவருக்குப் போக வேண்டும். இன்னொன்றும் செய்யலாம். வாரம் ஒருமுறை, தீங்கில்லாத ஒரு போலித் தாக்குதலை நாமே அனுப்பி, கண்டறியும் கருவி கத்துகிறதா என்று பார்ப்பது. அங்கே அப்படிச் செய்திருந்தால் அந்தக் கருவிக்கு எதுவும் தெரியவில்லை என்பது முதல் வாரமே வெளிப்பட்டிருக்கும்.

திருடர்களும் தங்கள் பக்கத்தில் நல்ல அட்மின் வேலை பார்த்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. எடுத்த தரவைச் சுருக்கி, சின்னச் சின்னக் கோப்புகளாகப் பிரித்து, குறியாக்கம் செய்த வழக்கமான போக்குவரத்தோடு கலந்து அனுப்பினார்கள். சுமார் 20 நாடுகளில் இருந்த 34 சர்வர்கள் வழியாகச் சுற்றி வந்தார்கள். சுருக்கிய கோப்புகளை அழித்தார்கள், சர்வரில் நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் பதிவுகளைத் தினமும் துடைத்தார்கள். லாக்கை அது உருவாகும் சர்வரிலேயே வைத்திருந்தால் அதைத் துடைப்பது சுலபம், வேறிடத்துக்கு உடனுக்குடன் அனுப்பினால் கஷ்டம். இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. எத்தனை நாள் என்பதைப் பற்றி இங்கே நிறைய விவாதம் நடந்தது. அதே சர்வரிலா, வேறு சர்வரிலா வைப்பது என்ற கேள்வியும் அதே அளவுக்கு முக்கியம்.

யார் தலை உருண்டது

செப்டம்பர் 7 அன்றுதான் ஈக்விஃபேக்ஸ் பொதுமக்களிடம் சொன்னது. மக்கள் தங்கள் விவரம் போனதா என்று பார்க்கப் புதிதாக ஒரு இணையதளம் தொடங்கினார்கள். அதன் பெயர் பார்க்கவே மோசடித் தளம்போல் இருந்தது. இதைக் காட்டுவதற்காக ஒரு மென்பொருளாளர் அதே சொற்களை இடம் மாற்றிப் போலித் தளம் ஒன்று செய்ய, நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கே மக்களை அந்தப் போலிக்குப் பலமுறை அனுப்பிவைத்தது.

அதே மாதம் தலைமைத் தகவல் அதிகாரியும் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியும் ஓய்வு பெற்றார்கள், பிறகு தலைமைச் செயல் அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித்தும். அக்டோபர் 2 அன்று தகவல் தொழில்நுட்பப் பிரிவின் மூத்த துணைத் தலைவர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். காரணம், அந்த மார்ச் 9 மின்னஞ்சலைக் கீழே அனுப்பவில்லை என்பது. அடுத்த நாள் நாடாளுமன்றக் குழு முன்னால் ஸ்மித், மனிதத் தவறு, தொழில்நுட்பத் தவறு என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னார். மனிதத் தவறு என்பது பேட்ச் போடச் சொல்ல வேண்டிய ஒருவர் சொல்லாதது. தொழில்நுட்பத் தவறு என்பது ஸ்கேன் கண்டுபிடிக்காதது.

இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மின்னஞ்சல் முன்னால் போகாததால் 14.79 கோடி பேரின் தரவு போகும் என்றால், அந்த அமைப்பின் பாதுகாப்பு ஒரு மின்னஞ்சல் கனம்தான். பிரிக்காத வலையமைப்பு, திறந்து கிடந்த பாஸ்வேர்ட் கோப்பு, 324 சான்றிதழ்கள், இல்லாத பட்டியல் இவையெல்லாம் அந்த ஒருவரின் இன்பாக்ஸில் இல்லை. பிரதிநிதிகள் சபைக் குழு 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, இதை முழுக்கத் தடுத்திருக்க முடியும் என்றது. அது காட்டிய பழி ஒருவர் மேல் அல்ல, நிர்வாக அமைப்பின் மேல்.

அந்த அமைப்பில் ஒரு வினோதம் இருந்தது. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தகவல் தொழில்நுட்பப் பிரிவு ஒரு பக்கம். பாதுகாப்புப் பிரிவோ சட்டப் பிரிவின் தலைவருக்குக் கீழே. 2000களின் நடுவில் அப்போதிருந்த இரண்டு தலைவர்களுக்கும் ஒத்துப்போகாததால் செய்த ஏற்பாடு அது. இருவரும் போன பிறகும் ஏற்பாடு மட்டும் இருந்தது. விளைவு, 'பேட்ச் போடு' என்று சொல்பவர்கள் ஒரு கட்டடம், போடுபவர்கள் இன்னொரு கட்டடம் என்கிற நிலை. சொன்னவர்களுக்கு அது முடிந்ததா என்று உறுதிசெய்யும் அதிகாரம் இல்லை. போட வேண்டியவர்களுக்கு எதில் போட வேண்டும் என்று தெரியவில்லை. பாதுகாப்பும் சிஸ்டம் நிர்வாகமும் இரண்டு வேறு தொழில்கள் என்று நினைக்கும் நிறுவனங்கள் நம்மூரிலும் ஏராளம். பாதுகாப்புக் குழு எக்செல் தாளில் ஓட்டைகளை அனுப்பும், அட்மின் குழு அதில் 'முடிந்தது' என்று நிரப்பித் திருப்பி அனுப்பும். இரண்டு பக்கமும் ஒரே திரையைப் பார்ப்பதில்லை.

2018 பிப்ரவரியில் புதிய பாதுகாப்புத் தலைவராக ஜமீல் ஃபர்ஷ்சி வந்தார். 2014இல் தரவுத் திருட்டுக்கு ஆளான ஹோம் டிப்போ என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலியைச் சீர்செய்தவர். இந்த முறை அந்தப் பதவி நேராகத் தலைமைச் செயல் அதிகாரிக்குக் கீழே வைக்கப்பட்டது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அந்த ஆண்டு 5 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டார். பழைய சட்டத்தில் அதற்கு மேல் போட முடியாது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை, சீன ராணுவத்தைச் சேர்ந்த நான்கு பேர் மேல் குற்றம் சாட்டியது. எதிரி ஒரு நாட்டின் ராணுவம் என்று தெரிந்ததும், 'அவர்களை யாரால் தடுக்க முடியும்?' என்று சிலர் கேட்டார்கள். ஆனால் குற்றப்பத்திரிகையில் சொல்லியிருக்கும் நுழைவாயில், இரண்டு மாதம் முன்பே பேட்ச் வந்துவிட்ட அதே ஸ்ட்ரட்ஸ்தான்.

2019 ஜூலையில் அமெரிக்க வர்த்தக ஆணையமும் மாநிலங்களும் செய்த சமரசத்தில் ஈக்விஃபேக்ஸ் குறைந்தது 57.5 கோடி டாலர், அதிகபட்சம் 70 கோடி டாலர்வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த உத்தரவில் பணத்தைவிடக் கவனிக்க வேண்டியது அதன் நிபந்தனைகள். பாதுகாப்புத் திட்டத்துக்குப் பொறுப்பான ஊழியர் யார் என்று குறித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அபாயங்களை மதிப்பிட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் வந்து சோதிக்க வேண்டும். இவற்றையெல்லாம் பின்பற்றினோம் என்று நிறுவனத்தின் இயக்குநர் குழுவோ அதன் துணைக் குழுவோ வருடாவருடம் சான்றளிக்க வேண்டும்.